எண் இல்லாத உரிமம்

வரைபடத்தின் நான்கு ஓரங்களிலும் அது அச்சாகியிருந்தது. மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி, இரண்டு பக்கமும் செங்குத்தாக ஒவ்வொரு வரி. 'மாணவர் பயிற்சிக்கு மட்டும். தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது.'

கட்டட அனுமதி அலுவலகத்தின் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, பெரிய தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன்க்கா, இந்த வயசுல எந்தக் காலேஜ்ல சேர்ந்தீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஸ்கேல் அக்காவுக்குக் காது மடல் சுட்டது. ஸ்கேல் அக்கா என்பது கட்டட வேலைக்காரர்கள் வைத்த பெயர். வீட்டுச் சாவியை மறந்துவிட்டு வெளியே கிளம்பினாலும் கிளம்புவாள், கைப்பையில் ஸ்கேல் இல்லாமல் கிளம்பமாட்டாள். எஞ்சினியர்கள் சொல்வதைக் கேட்டுக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். இத்தனை வருஷத்தில் அளவு தப்பு என்று ஒரு படம்கூட அந்த ஜன்னலிலிருந்து திரும்பி வந்ததில்லை.

"இது எப்படி வந்துச்சு?"

"என்னைக் கேட்டா? உங்க ஃபைல்ல இருந்ததுதான். முன்னேயெல்லாம் நீங்களே பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வருவீங்க. இப்ப ஃபைலை வாங்கி நாங்க போடறோம். எங்க மெஷின் தாளோட விளிம்பு வரைக்கும் போடும், ஒண்ணையும் மறைக்காது."

அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. அவள் வீட்டு முன்னறையில் இருக்கும் சின்ன அச்சு மெஷின், தாளின் ஓரத்தை எப்போதும் விழுங்கிவிடும். அது விழுங்கியது வெறும் வெள்ளை என்று நினைத்திருந்தாள்.

"இன்னொண்ணும் இருக்குக்கா. புது ரூல்." குமாஸ்தா ஒரு படிவத்தை ஜன்னல் வழியாகத் தள்ளினார். படம் வரைந்தவர் கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழி அது. தொழிலுக்குப் பயன்படுத்த உரிமம் உள்ள மென்பொருளில்தான் வரைந்தேன். இது பொய்யானால் அலுவலகப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கலாம், சம்மதம்.

யார் வரைந்த படத்தை அந்த ஜன்னல் வாங்கும் என்பதுதான் பட்டியல். அதிலிருந்து பெயர் போனால் ஸ்கேலை முதுகு சொறியத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேராகச் சிடி மாமா கடைக்குப் போனாள். தட்டுகள் புழங்கிய காலத்தில் நகல் போட்ட சிடி விற்றவர். தட்டு போன பிறகு கணினி ரிப்பேர். பெயர் மட்டும் போகவில்லை. அவள் கணினியில் அந்த வரைபட மென்பொருளைப் போட்டுக் கொடுத்த புண்ணியவான் அவர்தான்.

"இலவசம்னுதானே மாமா சொன்னீங்க?"

"இலவசம்தானேம்மா! அந்த சாஃப்ட்வேருக்கு உன்கிட்ட ஒரு பைசா வாங்கினேனா?"

"மாணவர் பயிற்சிக்கு மட்டும்னு நாலு பக்கமும் போட்டிருக்கான்."

"அப்படியா போட்டுட்டான்?" மாமா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "போடும்போது 'நீங்க யாரு'ன்னு கேட்டுச்சும்மா. தொழில்னு அமுக்கினேன், காசு கேட்டுச்சு. மாணவர்னு அமுக்கினேன், அட்டை கேட்டுச்சு. நம்ம பொண்ணு காலேஜ் அட்டை கையில இருந்துச்சு. காட்டினேன். திறந்துக்கிச்சு." ஒரு சாமர்த்தியத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"அப்ப அந்தக் கம்பெனிக்காரன் கணக்குல நான் உங்க பொண்ணு!"

"இருந்துட்டுப் போயேன். எனக்கும் மூத்ததா ஒரு பொண்ணு ஆச்சு."

"மாமா, நான் சிரிக்கிற நிலைமையில இல்ல."

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளுடைய பழைய படம் ஒன்றை வேறு கணினியில் திறந்து பார்த்தார். அந்த 'மாணவர்' முத்திரை அங்கேயும் வந்தது. அதிலிருந்த மாடிப்படியை மட்டும் எடுத்து ஒரு வெற்றுத் தாளில் ஒட்டினார். வெற்றுத் தாளின் நான்கு ஓரத்திலும் முத்திரை முளைத்தது. "ஒட்டுவாரொட்டிம்மா இது," என்றார், இப்போது உண்மையாகவே பயந்துபோய். "ஒரு கதவை எடுத்தாலும் கூடவே வருது."

அதாவது மாமா போட்டுக் கொடுத்த நாளிலிருந்து அவள் வரைந்த எதையும் இனித் தொட முடியாது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு மாமா மேல் கோபம் வந்தது, தன் மேல் அதைவிட வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கம்பெனி மேல் வந்தது. அவள் ஓசிக்கு அலைந்தவள் இல்லை. அதே மென்பொருளை ஒரு காலத்தில் முழு விலை கொடுத்து வாங்கினாள், அதற்காகக் கழுத்தில் கிடந்ததைக் கழற்றினாள். பழைய கணினி செத்து, புதியது வந்ததும், 'இந்தப் பதிப்பு இதில் ஓடாது. இனி விற்பனை இல்லை, வருஷா வருஷம் வாடகைதான்' என்று கம்பெனி கைவிரித்தது. வாங்கிய வீட்டில் குடியிருக்க வாடகை கேட்டால் ஊர் கூடிவிடும். இதைக் கேட்க ஆள் இல்லை.

படம் ஒரு குழந்தைகள் கிளினிக்குக்கு. கட்டுவது எஞ்சினியர். அவளுக்கு வரும் வேலையில் முக்கால்வாசி அவரிடமிருந்துதான் வரும். மறுநாள் காலை அவர் அறைக்குக் கூப்பிட்டார். குளிர்சாதனம் சத்தம் போடாத அறை.

"என்னம்மா இது, என் மானத்தை வாங்கிட்ட. என் படத்துல 'மாணவர்'னு வருது. டாக்டருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"தப்புதான் சார். திரும்ப வரைஞ்சு தரேன். ஆனா அந்த உறுதிமொழிக்கு..."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன்." இழுப்பறையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேஜையில் உருட்டினார். "முழு சாஃப்ட்வேர். பூட்டையெல்லாம் உடைச்சு வெச்சிருக்கான், ஒண்ணும் கேக்காது. நம்ம ஆபீஸ் முழுக்க இதுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுக் குடுத்துடு."

"இது திருட்டு சார்."

"எல்லாரும் பண்றதுக்குப் பேரு திருட்டா?"

"உறுதிமொழியில கையெழுத்து நீங்க போடறீங்களா சார்?"

எஞ்சினியர் அவளை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வரைஞ்சவங்கதான் போடணும்னு அதுல தெளிவா இருக்கே."

"அதைத்தான் கேக்கறேன். உடைச்ச பூட்டு உங்களோடது, கைரேகை மட்டும் என்னோடதா?"

"இந்தா பாரு, வெள்ளிக்கிழமை படம் உள்ள போகணும். உன்னால முடியலைன்னா முடியறவங்க இருக்காங்க." அதற்குள் அவர் கைபேசி அடித்தது. கையால் வாசலைக் காட்டினார். போகும்போது பென்டிரைவை எடுத்துக்கொண்டு போ என்றும் அதே கை சொன்னது. அவள் எடுத்தாள். அவர் மேஜையில் விட்டு வந்திருக்கலாமே என்று பின்னால் நாத்தனார் கேட்டாள். எடுக்காவிட்டால் அந்த நிமிஷமே வேலை போயிருக்கும், அதனால் எடுத்தாள். வீட்டுக்கு வந்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் தூக்கிப் போட்டாள்.

நாத்தனார் கணவனின் தங்கை. முன்னறையில் அவளுக்கும் ஒரு மேஜை உண்டு. தொலைபேசி, பில், கூரியர் எல்லாம் அவள் பொறுப்பு. வாய் கொஞ்சம் நீளம். அன்று மத்தியானம் இரண்டு பேரும் இரண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தொழிலுக்குப் பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கும் ஓர் இலவச மென்பொருள். அது ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும்.

"இதோ அண்ணி! 'என்றென்றும் இலவசம்'. பெரிய எழுத்துல போட்டிருக்கான்."

"சின்ன எழுத்துல என்ன போட்டிருக்கான்?"

நாத்தனார் கண்ணை இடுக்கினாள். "வீட்டு உபயோகத்துக்கு மட்டும். வருமானம் வந்தா காசு."

"அடுத்தது."

"இது தொழிலுக்கும் இலவசமாம்... இருங்க, ஒரு மாசத்துக்கு. அப்புறம் நம்ம படத்தை நாமளே திறக்க முடியாது."

"இதென்ன, பணயக் கைதியா? அடுத்தது."

"இது நல்லா இருக்கு. தொழிலுக்கு ஓகே. ஆனா வரையறதெல்லாம் அவங்க கம்ப்யூட்டர்ல போய் உக்காரும். யார் வேணும்னாலும் பார்க்கலாம்."

"கிளினிக் பின்வாசல் எங்க இருக்குன்னு ஊருக்கே காட்டணுமா? அடுத்தது!"

இன்னொன்று இலவசம்தான், அச்சடிக்க மட்டும் காசு. இன்னொன்று, அதன் உரிமத்தைப் படித்தேன் என்று டிக் அடிக்கச் சொன்னது. உரிமத்தைத் தேடி அமுக்கினால் பக்கம் காணவில்லை. சாயங்காலத்துக்குள் 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டாலே ஸ்கேல் அக்காவுக்குக் குமட்டியது. கடைக்காரன் ஒருவன் 'இலவசம்' என்று பலகை மாட்டி, உள்ளே போனவன் சட்டையைப் பிடித்தால் போலீஸ் வரும். இங்கே பலகையும் அவனுடையது, சட்டமும் அவனுடையது, படிக்காமல் நுழைந்தது உன் குற்றம் என்கிற ஏச்சும் அவனுடையது. படிக்கவிடாமல் எழுதுகிறவன் யார்? அதையும் அவன்தானே எழுதுகிறான்!

"யார் அண்ணி இதையெல்லாம் படிக்கப்போறா? பேசாம அந்த டப்பாவுக்குப் பின்னாடி இருக்கிறதை..."

"எழுந்து போய் உன் பில்லைப் பாரு."

நாத்தனார் எழுந்து போகவில்லை. உதட்டைச் சுழித்துக்கொண்டு அடுத்ததைத் திறந்தாள். அழகில்லாத பக்கம், சிரிக்கிற குடும்பப் படம் இல்லை, ஒளிரும் பொத்தான் இல்லை. யாரோ சிலர் பல ஊர்களிலிருந்து சேர்ந்து எழுதிய வரைபட மென்பொருள். உரிமத்தை மெதுவாக, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலப் படித்தாள். "எவரும், எந்தப் பயனுக்கும், இதை இயக்கலாம்."

"திரும்பப் படி."

"எந்தப் பயனுக்கும். 'எந்த'ன்னுதான் இருக்கு அண்ணி. சின்ன எழுத்து எதுவுமே இல்ல, எல்லாமே ஒரே அளவு."

சிடி மாமாவுக்குப் போன் போட்டார்கள். "சும்மா குடுக்கறவன் எதுக்கும்மா குடுக்கறான்? எங்கேயோ கொக்கி இருக்கும்," என்றார் மாமா. கொக்கி மாட்டியே பழகியவர் வேறு எப்படிச் சொல்வார்? ஆனால் ஒருமுறை சூடுபட்டவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கே கடிதம் எழுதினாள், மின்னஞ்சலில்தான், ஆனால் முறையாக. ஐயா அல்லது அம்மையீர். ஒன்று, நான் இதில் படம் வரைந்து கூலி வாங்கலாமா? இரண்டு, அந்தப் படம் யாருக்குச் சொந்தம்? மூன்று, பிற்பாடு காசு கேட்பீர்களா?

பதில் மறுநாள் வந்துவிட்டது, எங்கேயோ ஒரு முகம் தெரியாத ஆளிடமிருந்து. ஒன்று, தாராளமாக. இரண்டு, உங்களுக்கு. மூன்று, இந்தப் பதிப்புக்கு யாரும் கேட்க முடியாது, உரிமத்திலேயே இடமில்லை. மென்பொருளையே மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால் மட்டும், உங்களுக்குக் கிடைத்த இதே உரிமையை அவருக்கும் கொடுக்க வேண்டும். படத்துக்கு அந்த நிபந்தனையும் கிடையாது. கடைசியில், 'இவ்வளவு ஒழுங்காக எங்களை இதுவரை யாரும் கேட்டதில்லை' என்று ஒரு வரி.

அதைப் படித்து அவளுக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. மூன்று வரியில் பதில் சொல்ல முடிகிற விஷயத்தை மற்றவர்கள் ஏன் மூட்டை மூட்டையாக எழுதி வைத்திருக்கிறார்கள்?

கிளினிக் படத்தை முதலிலிருந்து வரைந்தாள். பழைய ஃபைலைத் தொடவில்லை. நாத்தனார் பழைய அச்சுத் தாளைப் பார்த்து அளவை வாசிக்க, அவள் போட்டுக்கொண்டே வந்தாள். புதியதில் கோட்டைத் தடிப்பாக்க ஓரிடம், கதவைத் திருப்ப வேறோரிடம். பழகிய விரல் பழைய இடத்துக்கே போய்ப் போய் முட்டியது. "இவனுங்க நல்லவனுங்கதான், ஆனா கோட்டை ஏன் இங்க ஒளிச்சு வெச்சிருக்கானுங்க?" என்று திட்டிக்கொண்டே வரைந்தாள். வியாழக்கிழமை முடிந்தது. அச்சுக் கடைக்கு எடுத்துப் போய்ப் பெரிய தாளில் போட்டு, நான்கு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். சுத்தம்.

எஞ்சினியர் படத்தை மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "பாத்தியா, சொன்னேன்ல? எவ்வளவு நேரம் ஆச்சு?" தன் பென்டிரைவில்தான் வரைந்தாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் வாயைத் திறக்கும் முன்பே அவர் கைபேசி அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜன்னல். குமாஸ்தா ஃபைலையும் எஞ்சினியர் கையெழுத்துப் போட்ட தாளையும் வாங்கினார், நன்றாக இருக்கிறது என்றார். உறுதிமொழியைக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தார். பாதியில் நின்றார்.

"அக்கா, ஏழாவது கட்டம் காலியா இருக்கு. லைசென்ஸ் நம்பர்."

"நம்பர் கிடையாதுங்க. எந்தப் பயனுக்கும் உரிமம் குடுத்த மென்பொருள். உரிமத்தை முழுசாப் பின்னாடி இணைச்சிருக்கேன். கோடு போட்டிருக்கேன் பாருங்க."

"அதெல்லாம் சரி. நம்பர் போடாம சிஸ்டம் அடுத்த பக்கம் போகாதே."

"இல்லாத நம்பரை எங்கேர்ந்து கொண்டு வர்றது?"

குமாஸ்தா நல்ல மனுஷன். ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி, உதவி செய்கிற குரலில் சொன்னார்: "எழுதிக்குங்கக்கா, நான் சொல்றேன். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. எல்லாரும் இதே நம்பரைத்தான் போடறாங்க. உங்க எஞ்சினியர் ஆபீஸ்லேர்ந்தும் இதான் வருது." அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினார்.

ஸ்கேல் அக்கா பேனாவை எடுக்கவில்லை. "எல்லாரும் ஒரே நம்பரா?"

"ஆமா. அந்த சாஃப்ட்வேரோட நம்பர் அது."

"ஏங்க, உங்க தெருவுல எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண்ணா? உடைச்ச பூட்டை நகல் எடுத்து நகல் எடுத்து வெச்சிருக்காங்க, அதனாலதான் எல்லார்கிட்டயும் ஒரே நம்பர். அது உங்களுக்குச் சரி. ஒழுங்கா இருக்கிறவளுக்கு நம்பர் இல்லை, அது தப்பா?"

அவள் குரல் உயர்ந்ததை அவளே கவனிக்கவில்லை. வரிசையில் மூன்றாவதாக நின்ற ஒருவர் தன் படிவத்தை மெல்ல மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பெண் அதிகாரி வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பாதி குடித்த டீ. "என்னம்மா பிரச்சினை?"

அவள் சொன்னாள். அதிகாரி இணைப்பை வாங்கிக் கோடு போட்ட இடத்தைப் படித்தார். இரண்டு முறை படித்தார் என்பது கண் போன விதத்தில் தெரிந்தது. "உரிமம் செல்லும்மா. அதுல சந்தேகமில்லை. ஆனா கட்டம் காலியா இருந்தா எங்க சிஸ்டம் ஏத்துக்காது. ஏதாவது ஒண்ணு போடுங்களேன்."

"எதையாவது போட்டா அது பொய். பொய் சொன்னா என் பேரை எடுத்துடலாம்னு இதே தாள்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் மேடம். வேணும்னா வாங்க மாட்டோம்னு எழுதிக் குடுங்க. 'உரிமம் சரி, எண் இல்லாததால் நிராகரிக்கிறோம்'னு. கூடவே, 'ஒரே எண்ணை மற்ற எல்லாரிடமிருந்தும் ஏற்றுக்கொண்டோம்'னும் ஒரு வரி. நான் போயிடறேன்."

"ஒரே எண்ணா?" அதிகாரி குமாஸ்தா பக்கம் திரும்பினார். குமாஸ்தா மின்விசிறியைப் பார்த்தார்.

டீயை மேஜையில் வைத்துவிட்டு அதிகாரி ஏழாவது கட்டத்தில் தன் கையால் 'எண் இல்லை. உரிமம் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்தினார். கணினியில் என்ன தட்ட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். ஆக, தட்ட வழி இருக்கத்தான் இருந்தது. பிறகு அந்த மாதம் வந்த உறுதிமொழிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

படம் பதிவாகிவிட்டது. ரசீதை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். அங்கேயிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். வெகுநேரம் ஆகவில்லை, எஞ்சினியர் போனில் கூப்பிட்டார்.

"என்ன பண்ணித் தொலைச்ச? என் படம் எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிருக்காங்களாம்!"

"நான் உங்க பேரையே எடுக்கலை சார்."

"வாயைத் திறக்காம ஒரு நம்பரை எழுதிட்டு வந்திருந்தா குறைஞ்சா போயிடுவ? சோறு போட்ட கைக்கு நீ காட்டற நன்றி இதுதானா?"

சோறு என்றதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சோறு நீங்க போடலை சார். நான் வரைஞ்சேன், நீங்க கூலி குடுத்தீங்க. கிளினிக் படம் உள்ள போயாச்சு. ரசீது என்கிட்ட இருக்கு, ஆள் அனுப்பி வாங்கிக்குங்க. பென்டிரைவையும் அந்த ஆள்கிட்டயே குடுத்து விடறேன்."

"இனிமே என் ஆபீஸ் பக்கம் வராத."

"சரி சார்."

முக்கால்வாசி வேலை அந்த 'சரி'யோடு போயிற்று. அவளுக்கு அது தெரியும். பட்டியலில் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு இனி வேலை தேட வேண்டும். நாத்தனாரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அழறீங்களா அண்ணி?"

"அழுகையா? வயிறு எரியுது. அந்த மேடம் மாத்தல்ல போயிட்டா, அடுத்து வர்றவங்க மறுபடியும் நம்பர் எங்கன்னு கேப்பாங்க. என்னை மாதிரி இன்னொருத்தி இதே ஜன்னல்ல நின்னு கத்தணும்."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? வீட்டுக்கு வாங்க."

"வரேன். ஒரு வேலை பாக்கி இருக்கு."

கைப்பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து மடியில் வைத்தாள். அலுவலகம் மூட இன்னும் நேரம் இருந்தது. மேலே இடது பக்கம் அனுப்புநர், அதற்குக் கீழே பெறுநர் எழுதினாள். பிறகு, 'பொருள்: உறுதிமொழிப் படிவத்தின் ஏழாவது கட்டத்தைத் திருத்துவது குறித்து' என்று எழுதி, அதன் கீழ் ஒரு கோடு இழுத்தாள். கோபத்தில் பேனா தாளை இரண்டு இடத்தில் கிழித்துவிட்டது. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்து முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள்.